தார் இன்ஜின் மவுண்டிங்: ரப்பரே போதுமா, பாலிக்குப் போகலாமா?

மேடவாக்கம் தார்:

2013 மஹிந்திரா தார் ஜீப், சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) இன்ஜின். நான் மூன்றாவது ஓனர், மீட்டர் 1,40,000 தாண்டிவிட்டது. வார நாளில் மேடவாக்கத்திலிருந்து சிறுசேரி ஆபீஸ், மாதத்துக்கு ஒரு ஞாயிறு மண்ணும் பாறையும். போன மாதம் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு பாறை மேட்டில் ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக முறுக்கோடு இழுக்கிற கியர்) போட்டு முதல் கியரில் ஏறும்போது பானெட்டுக்குள் 'டொம்' என்று ஒரு சத்தம். அடியில் கல் அடித்துவிட்டது என்று நினைத்து இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திரும்பக் கிளம்பினால் திரும்ப 'டொம்'. அன்றிலிருந்து சிக்னலில் நின்று கிளட்சை விடும்போதெல்லாம் அதே சத்தம், கொஞ்சம் சின்னதாக. ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) கியர் லீவர் ஆடுவது தார்காரர்களுக்குப் புதிதில்லை, ஆனால் இப்போது அது சாமியாடுகிறது.

மெக்கானிக் பார்த்துவிட்டு இன்ஜின் மவுண்டிங், அதாவது இன்ஜினைச் சேஸியில் தாங்குகிற ரப்பர் திண்டு, போய்விட்டது என்றார். பழையபடி ரப்பரையே போடுவதா, எல்லோரும் சொல்கிற, ரப்பரை விடக் கெட்டியான பாலியூரிதேனுக்கு (சுருக்கமாக பாலி) போவதா என்பதுதான் கேள்வி. பாலிக்கு ரப்பரைப் போல மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். பணம் பிரச்சினை இல்லை, ஒரு தடவை போட்டால் அப்புறம் அதை மறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

மண் ரோடு:

பாலி போடுங்கள் பாஸ், யோசிக்கவே வேண்டாம். என்னுடையது பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப். மூன்று வருடத்தில் இரண்டு செட் ரப்பர் கிழித்திருக்கிறேன். பாலி போட்டு நாலு வருடம் ஆகிறது, இன்னும் கல் மாதிரி நிற்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து யோசித்துவிட்டு அப்புறம் வண்டி நகர்கிற கதையே கிடையாது, மிதித்த கணம் சக்கரத்தில் தெரியும். அதிர்வு வரும்தான். ஜீப்பில் அதிர்வு வேண்டாம் என்கிறவர்கள் செடான் வாங்க வேண்டியதுதான்.

ஓஎம்ஆர் தினக்கூலி:

எதிர்க் கட்சி நான். அதே தார் சிஆர்டிஇயில் பாலி போட்டு ஐந்து மாதத்தில் கழற்றியவன்.

மலையில் அருமையாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் மலையில் குடியிருக்கவில்லையே. பெருங்குடியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை காலையில் ஒரு மணி நேரம், ஏசி ஓடுகிறது, வண்டி நிற்கிறது, ஸ்டியரிங் கையில் மாவு மெஷின் மாதிரி உதறுகிறது. கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி இரண்டாகத் தெரியும். டேஷ்போர்டில் எந்த ஸ்க்ரூ எப்போது கழன்றது என்றே தெரியாது, ஒருநாள் ஸ்பீக்கர் கிரில் மடியில் விழுந்தது. என் அம்மா ஒரே ஒரு தடவை ஏறினார், கோயம்பேடு வரை போய்விட்டு 'ஷேர் ஆட்டோவிலேயே போயிருக்கலாம்' என்றார். 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அந்த நடுக்கம் காணாமல் போய்விடும், அதுதான் வினோதம். நின்றால் உதறும், ஓடினால் அடங்கும்.

மண் ரோடு:

ஷேர் ஆட்டோ கதைக்கு எதிர்வாதம் கிடையாது, அம்மா சொன்னால் சரிதான் 😀

அம்பத்தூர் லேத்:

இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மேடவாக்கம் தம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து மவுண்ட் போயிருக்கிறது, இடதா வலதா? ரப்பர் எப்படிப் போனது? நடுவில் கிழிந்ததா, இரும்புத் தகட்டை விட்டு உரிந்து வந்ததா, இல்லை ஊறி உப்பிக் கொழகொழவென்று இருக்கிறதா? அதன் மேல் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா?

செத்துப்போன ரப்பரையும் புத்தம் புதிய பாலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு பாலிதான் உசத்தி என்று சொல்வதை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன். புது ரப்பரோடு ஒப்பிட்டுச் சொல்கிற ஆள் அபூர்வம்.

மேடவாக்கம் தார்:

பார்த்துவிட்டேன் அண்ணே. இடது பக்கம், அதாவது கிளீனர் பக்கம். ரப்பரும் மேல் தகடும் தனித்தனியாக நிற்கின்றன, நடுவில் விரல் நுழையும். வலது பக்கம் கிழியவில்லை, ஆனால் ஓரமெல்லாம் வெடிப்பு. எண்ணெய் இருக்கிறது. டேப்பட் கவர் (இன்ஜின் மேல் மூடி) பக்கமிருந்து வழிந்து மவுண்ட் மேல் கறுப்பாகப் படிந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வாட்டர் சர்வீஸ் விடும்போதெல்லாம் அடியில் டீசல் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வேன், துரு பிடிக்காது என்று. அது தப்போ?

அம்பத்தூர் லேத்:

தப்புதான். ரப்பருக்கு நீங்களே சர்வீஸ் தவறாமல் விஷம் வைத்திருக்கிறீர்கள். மற்றதை ரப்பர் படித்தவர் யாராவது வந்து சொல்லட்டும், எனக்கு ராத்திரி ஷிஃப்ட்.

குரோம்பேட்டை ரப்பர்:

வந்துவிட்டேன். குரோம்பேட்டை எம்ஐடி கல்லூரியில் ரப்பர் படித்தேன், சோறு போடுவதும் அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்ணெய். மவுண்ட்டில் பெரும்பாலும் போடுவது இயற்கை ரப்பர் கலவை. லட்சக்கணக்கான தடவை நசுங்கி நிமிர்வதைத் தாங்குவதில் அதை அடிக்க ஆளில்லை, அதனால்தான் இத்தனை வருடமாகக் கம்பெனிகள் அதை விடவில்லை. ஆனால் இன்ஜின் ஆயிலும் டீசலும் அதற்கு ஆகவே ஆகாது. உறிஞ்சி உப்பும், இளகும், அப்புறம் இரும்போடு ஒட்டியிருக்கிற இடத்தில் பிடி விடும். கசிவை நிறுத்தாமல் புது ரப்பர் போட்டால் அடுத்த வருடம் இதே கேள்வியோடு வருவீர்கள். பாலிக்கு இந்த எண்ணெய் பயம் கிட்டத்தட்ட இல்லை, அது நியாயமான பாயின்ட்.

இரண்டாவது, ஓஎம்ஆர்காரர் சொன்ன வினோதம். அது வினோதமே இல்லை. நாலு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது இரண்டு சிலிண்டர் வெடிக்கும். ஐடில் 800 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 13 சுற்றுக்கும் கொஞ்சம் மேல், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 27 உதை. இப்போது மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிற இன்ஜினை ஸ்பிரிங் மேல் வைத்த எடை என்று நினையுங்கள், அதற்கென்று ஒரு சொந்த ஆட்ட வேகம் உண்டு. வருகிற உதை அந்தச் சொந்த வேகத்தைப் போல 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்ட் அதிர்வைத் தடுக்கும். அதற்குக் கீழே வந்தால் தடுக்காது, கூட்டித்தான் கொடுக்கும். 27ஐ 1.4ஆல் வகுத்தால் 19. ஆக இன்ஜினின் சொந்த வேகம் 19 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 19 ஆட்டம்) கீழே இருக்கிற வரை பிழைத்தோம்.

ரப்பரில் அது 10 பக்கம் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ரப்பரின் கடினம் ஷோர் ஏ அளவில் 50, பாலி 80 என்றால், எண்ணில் பார்க்க 30தான் வித்தியாசம், ஆனால் அதே அளவு துண்டுக்கு விறைப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகிறது. விறைப்பு நாலு மடங்கானால் ஆட்ட வேகம் இரண்டு மடங்கு. 10 போய் 20. கோட்டைத் தாண்டியாயிற்று. அதனால் ஐடிலில் இன்ஜின் கொடுக்கிற நடுக்கத்தை பாலி பெரிதாக்கி சேஸிக்கு அனுப்புகிறது. 1,800 ஆர்பிஎம்மில் போகும்போது உதை நொடிக்கு 60. அங்கே சொந்த வேகம் 10ஆக இருந்தாலும் 20ஆக இருந்தாலும் உதை அதைப் போல 1.4 மடங்குக்கு நல்ல மேலேதான், அதனால் உதறல் அடங்கிவிடும். நம் ஊர் பஸ்ஸிலேயே பார்த்திருப்பீர்கள், ஸ்டாப்பில் நிற்கும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று நடுங்கும், கிளம்பி வேகம் பிடித்ததும் சாதுவாகிவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரியும். பாலி போட்டவர்கள் ஐடிலை ஒரு 50, 100 ஏற்றினால் பாதி நடுக்கம் போய்விடும். மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய ஜீப்பில் ஸ்க்ரூ திருப்பினால் போதும். சிஆர்டிஇயில் அதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவு சுலபமில்லை.

ஓஎம்ஆர் தினக்கூலி:

ஐந்து மாதம் நான் அனுபவித்ததற்கு 1.4 என்று ஒரு எண் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் கழற்றி மாட்டின கூலியாவது மிஞ்சியிருக்கும்.

மண் ரோடு:

கணக்கெல்லாம் சரி சார். ஆனால் 'டொம்' என்று சத்தம் வந்தது ஐடிலில் இல்லை, ஃபோர் லோவில். அங்கே ரப்பர் கிழிகிறது, பாலி கிழியவில்லை. இதற்கு என்ன கணக்கு?

அம்பத்தூர் லேத்:

அதற்கும் கணக்கு உண்டு, அது என் பக்கம்.

சிஆர்டிஇ இன்ஜின் கொடுக்கிற முறுக்கு 247 நியூட்டன்மீட்டர். முதல் கியர் அதை ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்காக்கும். லோவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முறுக்கை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தருகிற பெட்டி) இன்னொரு இரண்டரை மடங்கு. பெருக்கினால் 2,300 பக்கம் வருகிறது. சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொண்டால், இவ்வளவு முறுக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளுக்குப் போகும்போது அதே முறுக்கு எதிர்ப் பக்கமாக இன்ஜின் கியர்பாக்ஸ் கட்டுமானத்தின் மேல் திரும்பி வரும், அதைச் சேஸியோடு பிடித்து நிறுத்துவது மவுண்ட்டுகள் மட்டும்தான். இரண்டு மவுண்ட்டுக்கும் நடுவில் அரை மீட்டர், முழுச் சுமையும் அவை மேலேயே விழுகிறது என்று வைத்தால், ஒரு பக்கம் கிட்டத்தட்ட 470 கிலோ எடைக்குச் சமமாக அமுக்கும், மறு பக்கம் அதே அளவு தூக்கும். இன்ஜினின் சொந்த எடை தூக்கலைக் கொஞ்சம் குறைக்கும், பின் மவுண்ட்டும் ஒரு பங்கு எடுக்கும். ஆனாலும் விஷயம் புரிகிறது அல்லவா.

எந்தப் பக்கம் தூக்கும்? முன்னால் நின்று பார்த்தால் இன்ஜின் கடிகார முள் திசையில் சுற்றுகிறது, பிளாக் அதற்கு எதிராகத் திரும்பப் பார்க்கும். ஆக முன்கியரில் வண்டியின் இடது பக்கம் மேலே எழும். அதனால்தான் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டேன். ரப்பர் நசுங்குவதை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. எண்ணெயில் ஊறி ஒட்டுப் பிடி விட்ட ரப்பரை 400 கிலோவுக்கு மேல் இழுத்தால் 'டொம்'. ரிவர்ஸ் லோவில் பள்ளத்திலிருந்து பின்னால் ஏறுகிறவர்களுக்கு வலது பக்கம் போகும்.

கடையில் விற்கிற பாலி மவுண்ட் பெரும்பாலும் இரும்போடு ஒட்டப்பட்டது இல்லை. இரண்டு துண்டு, நடுவில் ஸ்லீவ், குறுக்கே ஒரு போல்ட். இழுக்கும்போது சுமையைத் தாங்குவது பாலி இல்லை, அந்த போல்ட்டும் வாஷரும். மண் ரோடு சார் வண்டியில் கிழியாததற்குப் பாதிக் காரணம் பாலி என்கிற பொருள், மீதிப் பாதி அந்த போல்ட். அப்படியென்றால் அந்தப் பாதியை மட்டும் ரப்பரோடு சேர்த்துக்கொள்ள முடியாதா?

முடியும். ஒரு சங்கிலி போதும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1971 கடைசியில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட செவர்லே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. இதே நோய்தான், ரப்பர் மவுண்ட் இரண்டாகப் பிரிந்து இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பி ஆக்சிலரேட்டரை இழுத்து மாட்டிவிடும், வண்டி தானாகப் பாயும். அவ்வளவு வண்டிக்கும் மவுண்ட்டை மாற்றவில்லை. இன்ஜின் எழாமல் இருக்க ஒரு இரும்புக் கேபிள் கட்டி அனுப்பினார்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

இடது பக்கம் பிளாக் பிராக்கெட்டிலிருந்து சேஸிக்கு ஒரு நல்ல சங்கிலி, 8 மில்லிமீட்டர் கம்பி, தரமான ஷேக்கிள். விறைப்பாகக் கட்டக் கூடாது, கட்டினால் ரப்பர் போட்டதே வீண், அதிர்வு சங்கிலி வழியாக வரும். 10 மில்லிமீட்டர் தொய்வு விடுங்கள். ரோட்டில் அது சும்மா தொங்கும், பாறையில் மட்டும் வேலை செய்யும்.

ஜிப்ஸி அடிமை:

அண்ணே அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், படித்துவிட்டு மாருதி ஜிப்ஸிக்காரர்கள் யாரும் இன்ஜினில் சங்கிலி கட்டிவிடாதீர்கள். நம் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியில்லை. நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட், அதற்கப்புறம் தனியாக மூன்று ரப்பர் மேல் தொங்குகிறது. லோவில் பெருகுகிற முறுக்கு அந்த மூன்று ரப்பர் மேல் விழும், இன்ஜின் மவுண்ட்டுக்கு முதல் கியர் முறுக்கு மட்டும்தான். நான் இது தெரியாமல் இன்ஜினுக்கு பாலி போட்டு உதறலை வாங்கிக்கொண்டேன், 'டக் டக்' போகவே இல்லை. கடைசியில் பார்த்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் ரப்பர் ஒன்று பிய்ந்து காது மாதிரி தொங்கியது. அந்த மூன்றுக்கும் பாலி போட்டேன், இன்ஜினுக்கு ரப்பரைத் திரும்பப் போட்டேன். டிரான்ஸ்ஃபர் கேஸில் வெடிப்பு உதை கிடையாது, ஐடிலில் கியர் நியூட்ரலில் இருந்தால் அந்தப் பக்கம் சுற்றுவதே இல்லை, அதனால் உதறலும் இல்லை. ஓடும்போது கியர் ஊளை கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், ஜிப்ஸியில் அதை யார் கவனிக்கிறார்கள்.

புது தார் 2021:

அப்போ இதே மாதிரி முன்னால் ஒரு பக்கம் பாலி, ஒரு பக்கம் ரப்பர் என்று கலந்து போடலாமா? இடதுதானே போகிறது, இடதுக்கு மட்டும் பாலி?

குரோம்பேட்டை ரப்பர்:

வேண்டாம். இரண்டு பேர் கட்டில் தூக்கும்போது ஒருவர் உயரமாக இருந்தால் என்ன ஆகும், சுமை ஒருவர் கைக்கே போகும். விறைப்பானது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், அப்புறம் கிழிவது ரப்பர் இல்லை, பிராக்கெட்டின் வெல்டிங். முன் இரண்டும் ஒரே பொருள், ஒரே கடினம். பின் கியர்பாக்ஸ் மவுண்ட் வேறாக இருக்கலாம், ஆனால் அங்கேயும் ரொம்ப விறைப்பாகப் போட்டு முன்னால் தளதளவென்று விட்டால் கியர்பாக்ஸ் காது விரிசல் விட வாய்ப்புண்டு. உங்கள் வண்டிக்கு வாரண்டி ஏதாவது மிச்சமிருந்தால், அதைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

மண் ரோடு:

என் கடைசிக் கேள்வி. ஆயுள். இந்த ஊர் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கிறது, பாலி வெடிக்காது. சரியா தப்பா?

குரோம்பேட்டை ரப்பர்:

பாதி சரி. ஓசோனும் வெயிலும் ரப்பரை வெடிக்க வைக்கும், பாலி அதைத் தாங்கும். ஆனால் மவுண்ட்டின் மேல் வெயில் எங்கே படுகிறது? அங்கே இருப்பது சூடு. சூட்டில் இரண்டுமே பெரிய வீரர்கள் இல்லை, தொடர்ந்து 80, 90 டிகிரியில் வைத்தால் பாலியும் இளகித் தளரும். டர்போ பக்கம், எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கிற மவுண்ட்டுக்கு எதைப் போட்டாலும் நடுவில் ஒரு தகடு தடுப்பு வையுங்கள்.

சென்னைக்காரன் நிஜமாகப் பயப்பட வேண்டியது ஈரத்துக்கு. வீட்டில் பீரோவுக்கு அடியில் பெட்டியில் வைத்த நல்ல ஷூவை ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டிருப்பீர்கள், மண்டப வாசலிலேயே அடிப்பாகம் பிட்டு மாதிரி உதிர்ந்திருக்கும். போடாத ஷூ, எப்படி உதிர்ந்தது? அதுவும் பாலியூரிதேன்தான். பாலியில் இரண்டு ஜாதி, எஸ்டர், ஈதர். எஸ்டர் தேய்மானத்துக்கும் எண்ணெய்க்கும் கெட்டி, ஆனால் ஈரக்காற்று அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேகமாக. ஈதர் வகை தண்ணீரை நன்றாகத் தாங்கும். மவுண்ட் விற்கிறவரிடம் எந்த வகை என்று கேளுங்கள். பதில் 'இம்போர்ட்டட் சார்' என்று வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி, ஏரியில் இறக்குகிற வண்டி, கடலோர வண்டி எல்லாவற்றுக்கும் இது முக்கியம்.

இன்னொரு வித்தியாசம், போகிற விதம். ரப்பர் முன்கூட்டியே வெடிப்பு காட்டி, சத்தம் போட்டு, கெஞ்சிவிட்டுத்தான் போகும். பாலியில் ஒரு கீறல் விழுந்தால் அது வேகமாக ஓடும், நேற்று நன்றாக இருந்தது இன்று இரண்டு துண்டு.

மண் ரோடு சார், உங்கள் வண்டிக்கு பாலிதான் சரி, அதை நான் மறுக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் ஷெட்டில் நிற்கிறது, ஏசி இல்லை, கூரை இல்லை, ஐடிலில் நிற்கிற நேரம் சொற்பம், ஏறினால் முழுத் திராட்டில். அந்த வாழ்க்கைக்கு அது பொருந்தும். சிறுசேரிக்குப் போகிற வண்டி வேறு.

மண் ரோடு:

ஒத்துக்கொள்கிறேன். ஷூ கதையைப் படித்ததும் நேராகப் போய் என் மவுண்ட்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உதிரவில்லை. இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

மேடவாக்கம் தார்:

எல்லோருக்கும் நன்றி. ரப்பர், இரண்டு பக்கமும், பின்னாலும். கூடவே சங்கிலி. முடிவு செய்துவிட்டேன்.

நேற்று ஜிபி ரோடு போனேன். ஒரு கடையில் 'ஒரிஜினல்தான் சார்' என்று நீட்டினார்கள். அட்டைப் பெட்டி பளபளவென்று இருக்கிறது, உள்ளே ரப்பரில் அச்சுப் பிசிறு, தகட்டு ஓரத்தில் ஒட்டு முழுசாகப் பிடிக்காமல் ஒரு மயிரிழை இடைவெளி. கட்டைவிரலால் அழுத்தினால் பழைய வலது மவுண்ட்டை விடக் கல்லாக இருக்கிறது. இது ரப்பர் என்ற பெயரில் பாலி உதறலைத்தான் தரும் போல. இரண்டு கடை தள்ளி வேறு ஒன்று கிடைத்தது, சுமாராக நம்பலாம் போல் இருந்தது, ஆனால் கைவிட்டு, ஸ்பேர்ஸ் கவுண்டரிலேயே பாகத்தின் எண் கொடுத்து ஆர்டர் போட்டுவிட்டேன். நாலு நாள் ஆகுமாம். மாட்டும்போது கவனிக்க வேண்டியது எதுவும் உண்டா?

அம்பத்தூர் லேத்:

உண்டு, நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

முதலில் டேப்பட் கவர் பேக்கிங் மாற்றுங்கள், கசிவை நிறுத்திவிட்டுத்தான் மவுண்ட். இன்ஜினைத் தூக்க ஜாக்கியை ஆயில் சம்ப்பில் நேரடியாக வைக்கக் கூடாது, நடுவில் அகலமான மரப்பலகை. தூக்கும்போது ரேடியேட்டர் ஃபேன், ஹோஸ், எக்ஸாஸ்ட் மூன்றையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டு மவுண்ட்டும் உட்கார்ந்த பிறகு எல்லா போல்ட்டையும் விரல் இறுக்கத்தில் விட்டு, ஜாக்கியை எடுத்து, முழு எடையும் இறங்கட்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, இன்ஜின் தனக்குப் பிடித்த இடத்தில் உட்கார்ந்த பிறகு நிறுத்தி டைட் செய்யுங்கள். அவசரப்பட்டு ஒரு பக்கம் முழுசாக டைட் செய்து மறு பக்கத்தைக் கடப்பாரை போட்டு நெம்பி மாட்டினால், புது ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்படி மாட்டின மவுண்ட் ஆறு மாதத்தில் என்னிடம் வரும்.

ரப்பர் மேல் கிரீஸ் தடவ வேண்டாம், சாதாரண கிரீஸும் எண்ணெய்தான். கீச்சுச் சத்தத்துக்கு சிலிகான் கிரீஸ் தடவுவது பாலிக்காரர்கள் சமாச்சாரம். டீசல் ஸ்ப்ரே இன்றோடு நிறுத்தம்.

மாட்டி முடித்ததும் சோதனை. பானெட்டைத் திறந்து, ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், முன்னால் கண்டிப்பாக நிற்கக் கூடாது. ஹேண்ட்பிரேக், கால் பிரேக் இரண்டும் போட்டு முதல் கியரில் கிளட்சை மெதுவாகக் கடிக்க விட்டால் இன்ஜின் எவ்வளவு எழுகிறது என்று தெரியும். அப்புறம் ரிவர்ஸில் அதே. சங்கிலித் தொய்வை அதைப் பார்த்து வையுங்கள்.

மேடவாக்கம் தார்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், ஆபீஸ் அடி.

மவுண்ட் மூன்றும் மாட்டியாயிற்று, கடப்பாரை இல்லாமல். கழற்றின இடது மவுண்ட்டைப் படம் எடுக்கலாம் என்று கையில் எடுத்தேன், மேல் தகடு தனியாகக் கீழே விழுந்தது, ரப்பர் அல்வா மாதிரி விரலில் ஒட்டியது. இதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆபீஸ் போயிருக்கிறேன்.

ஐடிலில் கியர் லீவர் இன்னும் ஆடுகிறது, ஆனால் சாமியாட்டம் இல்லை, தலையாட்டல். ஏசி போட்டுக்கொண்டு துரைப்பாக்கம் சிக்னலில் காபி டம்ளரை டேஷ்போர்டில் வைத்தேன், நடுக்கம் இருந்தது, சிந்தவில்லை. சோதனையில் இடது பக்கம் முதல் கியரில் எழுந்ததும் ரிவர்ஸில் வலது எழுந்ததும் அண்ணன் சொன்னது போலவே. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த பையன் 'இன்ஜின் தோளைக் குலுக்குதுப்பா' என்றான்.

போன ஞாயிறு அதே ஜவ்வாது மலை, அதே பாறை. ஃபோர் லோ, முதல் கியர். பாதி ஏறும்போது 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம், 'டொம்' இல்லை. இறங்கிப் பார்த்தால் சங்கிலியில் ஒரு வளையத்தின் பெயின்ட் மட்டும் உரிந்திருந்தது. கறுப்பு ஸ்ப்ரே அடித்து விட்டிருக்கிறேன், அடுத்த தடவை உரிகிறதா பார்க்க.

அம்பத்தூர் லேத்:

'டிங்' வந்தால் தொய்வு சரி. வலது பக்கத்துக்கும் ஒன்று கட்டிவிடுங்கள் தம்பி, நீங்கள் பின்னாலேயும் ஏறுகிற ஆள்தானே.